மணிமுக்தாவுக்கு யார் காவல்?

சங்கராபுரம் என்று சொன்னால், "எந்தச் சங்கராபுரம்? காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுவா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லை. நாம் போகப்போவது கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் சங்கராபுரம்.

இந்த ஊருக்கு ஒரு வேடிக்கையான பெருமை உண்டு. இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் மூன்று ஜில்லாக்களைப் பார்த்துவிட்டது! 1993 வரையில் தென்னாற்காடு ஜில்லா. பிறகு விழுப்புரம் ஜில்லா. 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி ஜில்லா. பெரியவர் ஒருவர் தம் ஆயுளில் வீட்டு விலாசத்தை இரண்டு தடவை மாற்றி எழுதியிருப்பார். ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும் ஆறுகள் மட்டும் விலாசத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவை அப்போது ஓடிய வழியாகத்தான் இப்போதும் ஓடுகின்றன.

ஜில்லா எல்லை வேறு, ஆற்றின் எல்லை வேறு. நம்முடைய இந்தப் பிரயாணமே அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். பஸ்ஸில் மேற்கு ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். புறப்படலாம்.

மலை தெரியும் ஊர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். வழியெல்லாம் நெல், கரும்பு, மரவள்ளி. மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்ததும், நம் வீட்டு ஜவ்வரிசி வடாமும் பாயசமும் இங்கேயிருந்துதான் கிளம்புகின்றனவோ என்று தோன்றும். சங்கராபுரம் ஒரு பேரூராட்சி. கடைத்தெரு, பஸ் நிலையம், தாலுகா கச்சேரி எல்லாம் உண்டு. மலைக்கிராமத்துக்காரர்களும் சமவெளிக்காரர்களும் ஒரே கடையில் நின்று பேரம் பேசும் ஊர்.

மேற்கே நிமிர்ந்து பார்த்தால் நீலமாக ஒரு மதில் தெரிகிறது. அதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவு. சின்னது ஏறக்குறைய 2,700 அடி உயரம், பெரியது 4,000 அடி. மலைமேல் வெள்ளிமலை என்று ஓர் ஊர். மேகம், பெரியார் என்று அருவிகளும் உண்டு. மலையாளிகள் என்ற பெயருள்ள பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் மலையாளிகள். அவர்கள் பேசுவது தமிழ்தான்.

நம்முடைய பெரிய ஜமீன்கள் எல்லாம் ஒழிந்த பிறகும், இந்த மலையில் ஜாகீர்தார்களின் அதிகாரம் நெடுநாள் நடந்தது. மூன்று ஜாகீர்கள். 1976ஆம் வருஷம்தான் அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொண்டது. அந்த 1976ஐ மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே வருஷம் வேறொரு காரணத்துக்காக வரப்போகிறது.

ஒரு மலை, பல ஆறுகள்

சங்கராபுரத்திலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் போனால், மலையடிவாரத்தில் கோமுகி அணை. 1960களில் கட்டியது. முழு உயரம் 46 அடி. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர ஏற்ற இடம். கொஞ்சம் தள்ளி மணிமுக்தா அணை, 36 அடி. மணி, முக்தா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்ததால் மணிமுக்தா. எவ்வளவு அழகான பெயர்! பெண் குழந்தைக்கு வைக்கலாம்.

மணிமுக்தா கிழக்கே ஓடுகிறது. நல்லூரில் கோமுகி அதனோடு சேர்ந்துகொள்கிறது. பிறகு விருத்தாசலம். பழமலைநாதரைத் தரிசிக்கப் போனவர்களுக்குக் கோயில் பக்கத்து மணிமுத்தாறு நினைவிருக்கும். அதுவேதான் இது. அப்புறம் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. பெயரிலேயே கூடல் இருக்கிறது பாருங்கள். கடைசியில் பரங்கிப்பேட்டைக்கு அருகே கடல். அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. படகில் ஏறி வேர்களுக்கு நடுவே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோமே, அந்தக் காட்டின் ஓரத்துக்கு வரும் தண்ணீரில் நம் கல்வராயன் மலை மழையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

மலையின் மேற்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் சேலம் ஜில்லாவுக்குள் போய் வசிஷ்ட நதியில் சேர்கின்றன. அதுவும் சுற்றிக்கொண்டு வெள்ளாற்றுக்கே வருகிறது. வடக்குப் பக்கத்து ஓடைகள் தென்பெண்ணைக்குப் போகின்றன.

சங்கராபுரத்திலிருந்து வடக்கே போனால் மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ள ஊர். அங்கே தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை ஜில்லாக்களைக் கடந்து, சாத்தனூர் அணையில் தங்கி, இந்தப் பக்கம் வந்து, புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்தையும் தொட்டுக்கொண்டு கடலூரில் கடலுக்குப் போகிறது. சாத்தனூருக்குப் போனவர்கள் அங்கேயுள்ள முதலைப் பண்ணையையும் பார்த்திருப்பார்கள்.

ஆக, சங்கராபுரத்தில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினால், ஒரு கைப்பக்கம் ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆறு. மற்றொரு கைப்பக்கம் இரண்டு மாநிலங்களையும் ஒரு யூனியன் பிரதேசத்தையும் தொடும் ஆறு. நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

கேள்வி என்ன?

பட்டணத்தில் பழைய காலத்து ஸ்டோர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பத்துக் குடித்தனம், நடுவில் ஒரு கிணறு. யார் எத்தனை மணிக்குத் தண்ணீர் இறைப்பது என்பதற்குச் சட்டதிட்டம் பிரமாதமாக இருக்கும். அதற்காகச் சண்டையும் நடக்கும். ஆனால் கிணற்றைத் தூர் வாருவது யார்? கிணற்றடியில் பாசி பிடித்தால் யார் தேய்ப்பது? உள்ளே கிடக்கிற ஆமைக்கும் மீனுக்கும் யார் பொறுப்பு? அந்தப் பேச்சை எடுத்தால் பத்துக் கதவுகளும் சாத்திக்கொள்ளும்.

ஆற்றின் கதையும் அதேதான். மணிமுக்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் இருக்கும்போது அது வனத்துறையின் காட்டு ஓடை. அணைக்கு வந்தால் நீர்வளத்துறை. அணையிலுள்ள மீனுக்கு மீன்வளத்துறை. ஆற்றுப் படுகை புறம்போக்கு, ஆகையால் வருவாய்த் துறை. படுகையிலுள்ள மணலுக்கு வேறு இலாகா. கரையோரத்துக் கிராமங்களுக்குப் பஞ்சாயத்து, விருத்தாசலத்துக்கு நகராட்சி. சாக்கடை கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நடுவிலே ஜில்லா எல்லை ஒன்று குறுக்கே போகிறது. ஒரே மாநிலத்துக்குள் ஓடும் சின்ன ஆற்றுக்கே இத்தனை எஜமானர்கள்! தென்பெண்ணைக்கு இன்னும் இரண்டு சர்க்கார்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் வாழ்கிற விராலுக்கும் கெளுத்திக்கும் ஆரலுக்கும் இந்த எல்லைகள் தெரியாது. கோரைக்குள் கூடு கட்டும் பறவைக்கும் தெரியாது. மேலே ஒருவர் கரையைக் காப்பாற்றி, கீழே ஒருவர் மணலை அள்ளிவிட்டால், முட்டையிட வந்த ஆமை எங்கே போகும்?

"மீனும் ஆமையும் போனால் எனக்கென்ன?" என்று கேட்பீர்களானால், அதற்கும் பதில் உண்டு. ஆமை முட்டையிடும் அதே மணல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் உங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கொடுக்கிறது. நீர்ப்பறவை ஒளிந்துகொள்ளும் அதே நாணலும் கரையோரத்து மரங்களும்தான் வெள்ளம் வரும்போது கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. 2024 டிசம்பர் 2ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. கடலூர் வரையில் கரையோர ஊர்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அத்தனை வெள்ளத்தையும் நாணல் தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் மீனுக்கும் பறவைக்கும் வீடாக இருக்கும் ஆறே மனிதருக்கும் நல்ல அண்டை வீடாக இருக்கிறது.

இனி நம் கேள்வி. பல சர்க்கார்கள் ஒன்றுகூடி ஓர் ஆற்றின் உயிர்களைக் காப்பதற்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறதா?

மூன்று பெட்டிகள்

சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுப் பெட்டி அடுக்குவதைவிடக் கஷ்டமான விஷயம் இல்லை.

நம் அரசியல் சாசனம் அதிகாரங்களை மூன்று பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறது. மத்திய சர்க்காரின் பெட்டி ஒன்று, மாநிலங்களின் பெட்டி ஒன்று, இருவருக்கும் பொதுவான பெட்டி ஒன்று. ஆற்றுத் தண்ணீர் மாநிலப் பெட்டியில் இருக்கிறது. அதில் நீந்தும் மீனும் மாநிலப் பெட்டியில். ஆறு மாநில எல்லையைத் தாண்டினால், அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பெட்டியில். அந்த மீனைத் தின்னும் நீர்நாயோ பொதுப் பெட்டியில்!

ஆரம்பத்தில் காடும் காட்டுயிரும் மாநிலப் பெட்டியில்தான் இருந்தன. 1976ஆம் வருஷத்து 42ஆவது சாசனத் திருத்தம்தான் அவற்றைப் பொதுப் பெட்டிக்கு மாற்றியது. முன்பே நினைவு வைத்துக்கொள்ளச் சொன்ன அதே 1976. கல்வராயன் மலை ஜாகீர்தார்களிடமிருந்து சர்க்காருக்கு வந்த வருஷத்திலேயே, அந்த மலையின் காடும் உயிர்களும் இரண்டு சர்க்கார்களின் கூட்டுப் பொறுப்பாவதற்கும் வழி பிறந்தது.

அதற்கு முன்பு மட்டும் வழி இல்லையா? இருந்தது. சாசனத்தின் 252ஆவது பிரிவு ஒரு நல்ல ஏற்பாடு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டசபைகள், "இந்த விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக நீங்களே ஒரு சட்டம் போடுங்கள்" என்று தீர்மானம் செய்தால், பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம். மற்ற மாநிலங்கள் பிறகு விரும்பினால் அதைத் தழுவிக்கொள்ளலாம். ஸ்டோரில் சில குடித்தனக்காரர்கள் சேர்ந்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், "கிணற்றுக்கு ஒரே விதி வையுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கேட்பது போல.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது அப்படித்தான். 11 மாநிலங்கள் கேட்டுக்கொண்டன. அந்தப் பதினொன்றில் தமிழ்நாடு இல்லை. பின்னாலேதான் சேர்ந்துகொண்டது. 1974இல் வந்த நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் இதே வழியில் வந்ததுதான். அதில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அக்கம்பக்கத்து மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டு வாரியம் அமைக்கலாம் என்று அதன் 13ஆவது பிரிவு சொல்கிறது.

ஆக, அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே வருஷத்தில் பிறந்த இரட்டையர்

ஆறுகளுக்கென்றே 1956ஆம் வருஷத்தில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம். மற்றொன்று நதி வாரியங்கள் சட்டம். முதலாவது, சண்டை வந்தால் தீர்த்து வைக்க. இரண்டாவது, சண்டை வருவதற்கு முன்பே கூடி உட்கார்ந்து யோசிக்க. நீரைப் பேணுவது, காடு வளர்ப்பது, மண்ணரிப்பைத் தடுப்பது, நீர் மாசுபடாமல் பார்ப்பது என்று அந்த வாரியங்களுக்கு எத்தனையோ நல்ல காரியங்களை எழுதி வைத்தார்கள். ஆலோசனை சொல்லும் வாரியம்தான், ஆணையிடும் வாரியமல்ல. ஆனாலும் கூடிப் பேச ஒரு திண்ணை.

இந்த இரட்டைக் குழந்தைகளில் சண்டைச் சட்டத்துக்கு ஓய்வே இல்லை. கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை, காவிரி என்று தீர்ப்பாயம் மேல் தீர்ப்பாயம். கூட்டுறவுச் சட்டமோ பிறந்த நாளிலிருந்து தூங்குகிறது. அதன்கீழ் ஒரே ஒரு நதி வாரியம்கூட அமைந்ததில்லை.

நம் தென்பெண்ணையும் சண்டை வழியில்தான் போயிற்று. அதன் கிளையான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1892இல் சென்னை ராஜதானியும் மைசூரும் செய்துகொண்ட பழைய ஒப்பந்தமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2019 நவம்பரில் இடைக்கால மனுவைத் தள்ளிய கோர்ட்டு, தீர்ப்பாயம் கேட்கலாம் என்று வழிகாட்டியது. தமிழ்நாடும் கேட்டது. தமிழ்நாட்டு விவசாயியின் கவலை நியாயமானது. தண்ணீர் வராவிட்டால் பயிர் எப்படி விளையும்? ஆனால் இத்தனை வாதப் பிரதிவாதத்திலும் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றி. தண்ணீருக்குள் இருப்பவர்களுக்கு வக்கீல் யார்?

கூடிச் செய்து காட்டியவர்கள்

மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் இல்லாமலில்லை.

மகாபலிபுரம் போகும் வழியில் முதலைப் பண்ணைக்குக் குழந்தைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். 1976இல் தொடங்கிய பண்ணை அது. அங்கே மெல்லிய நீண்ட மூக்கோடு ஒரு முதலை உண்டல்லவா? ஆண் முதலையின் மூக்கு நுனியில் சின்னப் பானையைக் கவிழ்த்தது போல ஒரு முண்டு இருக்கும். அதுதான் கரியால். வடநாட்டு ஆறுகளில் வாழ்வது. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது, நாட்டில் இருநூறுகூட மிஞ்சியிராது என்று பயந்தார்கள்.

அதற்கு மிகவும் பிடித்த ஆறு சம்பல். அந்த ஆறு ராஜஸ்தானுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் எல்லை. கொஞ்ச தூரம் போனால் உத்தரப் பிரதேசத்துக்கும் எல்லை. ஒரு கரையில் மட்டும் சரணாலயம் என்று பலகை நட்டால், முதலை எதிர்க்கரையில் வெயில் காயப் போகாதா? ஆகவே 1978லும் 1979லும் மூன்று மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ஆற்றைச் சரணாலயமாக அறிவித்தன. உத்தரவு மூன்று. ஆனால் சட்டம் ஒன்று. ஆகையால் மூன்றும் ஒட்டுப்போட்டது தெரியாமல் பொருந்திக்கொண்டன. இன்று உலகத்தில் கரியால்கள் அதிகம் வாழும் இடம் சம்பல்தான்.

அந்தக் கதையில் ஒரு துக்கமும் உண்டு. 2007-08 குளிர்காலத்தில் சம்பலில் 100க்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து மிதந்தன. பக்கத்து யமுனையிலிருந்து வந்த நஞ்சு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சந்தேகித்தார்கள். சரணாலயத்துக்கு வேலி போட்டாலும் தண்ணீருக்கு வேலி போட முடியுமா? கூட்டு எவ்வளவு தூரம் ஆறு ஓடுகிறதோ அவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதை அந்த முதலைகள் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயின.

நமக்கு இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் காவிரி. ஒகேனக்கலுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் ஏறி, மீன் வறுவலும் சாப்பிட்டு வந்திருப்பீர்கள். எதிர்க்கரை கர்நாடகம். அந்தப் பக்கம் 1987இலேயே காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டுவிட்டது. இந்தப் பக்கம் தமிழ்நாடு 2014இல் காவிரி வடக்குச் சரணாலயத்தை அறிவித்தது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயம் வந்தது. நீர்நாய், சதுப்புநில முதலை, மென்மையான ஓடுள்ள ஆமை, நாலு கொம்புள்ள மான் என்று எத்தனையோ ஜீவன்களுக்கு இரண்டு கரையிலும் வீடு. தண்ணீருக்காகக் கோர்ட்டில் எதிரும் புதிருமாக நின்ற அதே இரண்டு மாநிலங்கள், நீர்நாய் விஷயத்தில் மட்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக இருக்கின்றன!

அந்தக் காவிரித் தீர்ப்பிலும் ஓர் அபூர்வமான வரி இருக்கிறது. 2007இல் தீர்ப்பாயம் 740 டி.எம்.சி. தண்ணீரைப் பங்கு போட்டது. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு, கர்நாடகத்துக்கு இவ்வளவு, கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் இவ்வளவு என்று எழுதிவிட்டு, சுற்றுச்சூழலைக் காப்பதற்காக 10 டி.எம்.சி. என்று தனியாக ஒரு பங்கும் எழுதியது. 2018இல் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுப் பங்கையும் கர்நாடகத்துப் பங்கையும் மாற்றியபோதும், அந்தப் பத்தைத் தொடவில்லை. நாம் சாதம் வடித்ததும், வீட்டில் யாரும் சாப்பிடுவதற்கு முன்னால் காக்கைக்கு ஒரு பிடி வைக்கிறோமே, அது போல. 740இல் 10 என்பது சின்னப் பிடிதான். ஆனாலும் ஆற்றுக்கும் ஓர் இலை போட வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது.

வெளிதேசத்தில் இந்த யோசனை நூறு வருஷத்துக்கு முந்தியது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் மேல்பாகத்தில் 261 மைல் நீளத்துக்குப் பறவைக்கும் மீனுக்கும் புகலிடம் அமைக்க 1924இல் ஒரு சட்டம் செய்தார்கள். நான்கு மாநிலங்களைத் தொடும் பகுதி. அந்தந்த மாநிலத்தின் சம்மதத்தைப் பெற்ற பிறகே நிலத்தை வாங்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கேட்டு வாங்கிய சம்மதம் என்பதால், இன்றுவரை நிலைத்திருக்கிறது.

சங்கராபுரத்துக்கு என்ன வழி?

பெரிய ஆறுகளுக்குப் பெரிய சட்டங்கள். போகட்டும். கோமுகிக்கும் மணிமுக்தாவுக்கும் என்ன செய்வது? சரணாலயம் என்றாலே ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கும் மலைவாசிகளுக்கும் வயிற்றைக் கலக்குகிறது. "எங்களை வெளியே போகச் சொல்வார்களோ?" என்ற பயம் நியாயமான பயம்.

இதற்கென்றே 2002ஆம் வருஷத்துத் திருத்தத்தில் ஒரு நடுவழி வைத்தார்கள். அதற்குப் பாதுகாப்புக் காப்பகம் என்று பெயர். சர்க்காருக்குச் சொந்தமான நிலத்தை, அக்கம்பக்கத்து ஜனங்களைக் கலந்து பேசிய பிறகு, மாநில சர்க்கார் அப்படி அறிவிக்கலாம். ஆற்றுப் படுகை புறம்போக்கு என்று முன்பே பார்த்தோம். ஆகவே நிலம் யாருடையது என்ற தகராறு பெரும்பாலும் எழாது. அதை நிர்வகிக்க ஆலோசனை சொல்லும் கமிட்டியில் யார் யார் தெரியுமா? வனத்துறை அதிகாரி மட்டுமல்ல. அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலிருந்தும் ஒருவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், விவசாயத் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். ஆற்றின் பல எஜமானர்களையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் ஏற்பாடு அல்லவா இது!

இதைச் செய்து காட்டியதில் நம் தமிழ்நாட்டுக்கே முதல் இடம். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் என்ற ஊர். கோயிலும் பழைய ஓவியங்களும் பிரசித்தம். அங்கே நாரைகளும் கொக்குகளும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும். 2005இல் அந்த இடத்தைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது அதுதான். மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம். ஒரு பெரிய தோப்பு அளவு. சட்டத்துக்கு இடத்தின் அளவு முக்கியமில்லை, ஊராரின் மனசு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னும் கீழே இறங்கி வந்தால், 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பஞ்சாயத்தும், ஒவ்வொரு பேரூராட்சியும், ஒவ்வொரு நகராட்சியும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்பது அதன் 41ஆவது பிரிவு. தங்கள் எல்லைக்குள் என்ன செடி, என்ன மீன், என்ன பறவை, எந்த மூலிகைக்கு என்ன பெயர் என்றெல்லாம் பதிவேடு எழுதி வைக்க வேண்டும். வெள்ளிமலைப் பாட்டிக்குத் தெரிந்த செடியின் பெயரும், விருத்தாசலத்து மீன்காரிக்குத் தெரிந்த மீனின் பெயரும் சர்க்கார் புத்தகத்தில் ஏறலாம். இந்தப் பதிவேடுகளை மலையிலிருந்து கடல் வரையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், மணிமுக்தாவின் ஜாதகமே கிடைத்துவிடும். எந்த ஊரில் எந்த மீன் காணாமல் போயிற்று, எந்தத் துறையில் பறவை வரவில்லை என்று கண்டுபிடிக்கலாம். கணக்கு இல்லாமல் கூட்டுக்குடும்பம் நடத்த முடியாது என்பது இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அதிகாரம் மேலேயிருந்தும் இருக்கிறது, கீழேயிருந்தும் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பொருள்தான் குறைகிறது. "வாருங்கள், சேர்ந்து செய்வோம்" என்று முதலில் வாய் திறப்பவர் குறைகிறார். வனத்துறை அழைக்கட்டும் என்று பஞ்சாயத்து இருக்கிறது. பஞ்சாயத்து கேட்கட்டும் என்று வனத்துறை இருக்கிறது. ஆறோ யாருக்காகவும் காத்திராமல் ஓடுகிறது, தண்ணீர் இருக்கிற நாளில்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கல்வராயன் மலைப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். அருவியைப் பாருங்கள், அணையைப் பாருங்கள். திரும்பும்போது சங்கராபுரத்தில் இறங்கிக் காபி சாப்பிடுங்கள். பிளாஸ்டிக் பையை ஆற்றில் போடாமல் வாருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு இன்னொரு காரியமும் செய்யுங்கள். நீங்கள் இருப்பது மதுரையானாலும் மாம்பலமானாலும், உங்கள் ஊர் ஆற்றுக்கோ ஏரிக்கோ பல்லுயிர்க் குழு இருக்கிறதா, பதிவேடு எழுதியாயிற்றா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடுத்த கிராமசபையில் சங்கராபுரம் தாலுகாவில் ஒரு பெண்மணி எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், மணிமுக்தாவுக்குக் காவல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.